புது மூட்டோடு மைதானத்துக்குத் திரும்புவது எப்போது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட ஆசிரியர்கள் நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும், இயன்முறை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். வயது 49. ரத்த ஓட்டம் நின்று வலது தொடை எலும்பின் பந்து சிதைந்துபோனதால், ஏப்ரல் இரண்டாவது வாரம் மூட்டை மாற்றினார்கள். பின்பக்கம் திறந்து, சிமெண்ட் இல்லாத மூட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது ஏழாவது வாரம். வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்கிறேன், வலியே இல்லை. ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்ததும் சேர்ந்துவிடலாமா? குறுவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும்.

பதில்: வலி இல்லை என்பதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். சிதைந்த பந்தை எடுத்த அன்றே பழைய வலி போய்விடும். தையல் போட்ட இடத்து வலியும் ஆறு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். உள்ளே நடக்கிற வேலைக்கு இன்னும் நாள் வேண்டும். சிமெண்ட் இல்லாத மூட்டில், தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டும் இடுப்புக் குழியில் பொருத்திய கிண்ணமும் முதலில் வெறும் இறுக்கத்தில்தான் நிற்கின்றன. அவற்றின் சொரசொரப்பான பரப்புக்குள் உங்கள் சொந்த எலும்பு வளர்ந்து பிடிக்க 6 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் ஓடிக் குதித்து அந்தத் தண்டு நூலளவு அசைந்துகொண்டே இருந்தால், எலும்பு பிடிக்க வேண்டிய இடத்தில் நார் மாதிரியான திசு வளர்ந்துவிடும். பிறகு எழுந்து முதல் சில அடி வைக்கும்போதெல்லாம் தொடையில் வலிக்கும். சில பேருக்கு மறு ஆபரேஷன் வரைக்கும் போகும். பின்பக்கம் திறக்கும்போது வெட்டித் தைத்த சின்னத் தசைகளும் மூட்டு உறையும் ஆறுவதும் இதே காலத்தில்தான். பந்து கிண்ணத்தை விட்டு நழுவுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் நடப்பதற்கு அதுதான் காரணம்.

எனவே ஜூன் வேண்டாம். ஜூலை முதல் வாரம் வரை மருத்துவ விடுப்பை நீட்டுங்கள். உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும் தருவார்கள் என்றால் எட்டாவது வாரத்திலேயே போகலாம் என்பது ஏட்டுக் கணக்கு. உடற்கல்வி ஆசிரியருக்கு அது நடைமுறையில் ஒத்துவருவதில்லை. "சார், சும்மா நின்னாப் போதும்" என்று மைதானத்துக்கு அனுப்புவார்கள். பையன்கள் அடித்துக்கொண்டால் உங்கள் கால் தானாகவே ஓடும்.

12 வாரம் முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் செய்த மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு வீட்டில் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். நிலைக்கண்ணாடி முன்னால், பெல்ட் போடுகிற இடத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். விழாமல் நிற்பது மட்டும் போதாது. தூக்கிய கால் பக்கத்து இடுப்பு கீழே சரியக் கூடாது. அடுத்து, கையை ஊன்றாமல் உயரமான நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருங்கள். 8 அங்குலப் படியில் ஆபரேஷன் ஆன காலை வைத்து, மறுகாலால் தரையை உந்தாமல் 15 முறை ஏறுங்கள். கடைசியாக ஒரு பீரியட் நேரம், அதாவது 40 நிமிடம், நிற்காமல் சமதரையில் நடங்கள். 40-ஆவது நிமிடத்திலும் நடை முதல் நிமிடத்தில் இருந்தது போலவே இருக்க வேண்டும். வீட்டு ஆட்களைப் பின்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தன் நொண்டல் தனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் எழும்போது வலியோ இறுக்கமோ மிச்சம் இருந்தால் தேறவில்லை என்று அர்த்தம். இரண்டு வாரம் பயிற்சி செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

சேர்ந்த முதல் வாரம் நாளைக்கு 2 பீரியட் மட்டும் மைதானம். மற்ற நேரம் பதிவேடு, போட்டி நுழைவுப் படிவம், விளையாட்டுப் பொருள் இருப்புக் கணக்கு என்று எழுத்து வேலை பாருங்கள். மறுநாள் காலை வலி இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு பீரியட் கூட்டுங்கள். இரண்டு மைதானப் பீரியட்டை அடுத்தடுத்து வாங்காதீர்கள். பிற்பகல் வெயிலில் களைத்துப்போன தசை மூட்டைச் சரியாகத் தாங்காது. காலையிலேயே மைதானப் பீரியட் கேளுங்கள்.

தகுதிச் சான்று வாங்கும்போது "பணிக்குத் தகுதியானவர்" என்ற ஒற்றை வரியோடு வந்துவிடாதீர்கள். ஓடுதல், குதித்தல், தரையில் உட்காருதல், கனமான பொருள் தூக்குதல் கூடாது என்று மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள். தலைமையாசிரியர் மாறினாலும் அந்தத் தாள் கோப்பில் இருக்கும். குறுவட்டப் போட்டியில் நேரம் எடுப்பவர், புள்ளி எழுதுபவர், அறிவிப்பாளர் வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் வேலையும் பரவாயில்லை, நின்றே செய்யலாம். வாலிபாலில் முதல் நடுவராக ஏணி மேல் ஏறுவதும், கபடியில் நடுவராகக் கோட்டோரம் ஓடுவதும் இந்த வருஷம் வேண்டாம்.

கேள்வி: நாங்குநேரி வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியை. ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம், வேலையில் சேர்ந்து ஒரு மாதம். காலையில் நன்றாக நடக்கிறேன். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதாகப் பிள்ளைகளே சொல்கிறார்கள். கால் நீளமாகிவிட்டது போலவும் இருக்கிறது. மூட்டு விலகிவிட்டதா?

பதில்: விலகவில்லை. விலகியிருந்தால் உங்களால் காலை ஊன்றவே முடியாது.

இடுப்பின் வெளிப்பக்கத் தசை சாயங்காலத்துக்குள் களைத்துவிடுவதுதான் இது. ஒரு காலில் நிற்கும்போது மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது இந்தத் தசை. ஆபரேஷனுக்கு முன்னால் வலிக்குப் பயந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அந்தக் காலைக் காத்துக் காத்து நடந்திருப்பீர்கள்; தசை அப்போதே மெலிந்திருக்கும். பக்கவாட்டில் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் அந்தத் தசையையே விலக்கித் தைத்திருப்பார்கள், தேற இன்னும் நாளாகும். கால் நீளமாகத் தோன்றுவதும் பெரும்பாலும் இடுப்புச் சரிவால்தான், முதல் சில மாதத்தில் பலருக்கும் வருவதுதான். ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் செருப்புக்குள் தகடு வைத்துச் சரிசெய்யலாம். நீங்களாகவே இப்போது தகடு வைக்காதீர்கள், சரிவு நிலைத்துவிடும்.

பயிற்சிக்கு நல்ல கால் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முட்டிக்கும் நடுவே தலையணை வையுங்கள். மேல் காலை முட்டி மடங்காமல், பாதம் முன்னால் பார்க்க, ஒரு சாண் உயரம் தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். 10 முறை செய்தால் ஒரு சுற்று, நாளைக்கு 3 சுற்று. பலரும் செய்கிற தப்பு, உடம்பைப் பின்னால் சாய்த்துக் காலை முன்பக்கமாகத் தூக்குவது. அப்போது தொடையின் முன்தசைதான் வேலை செய்யும், தேவையான தசை சும்மா கிடக்கும். சுவரில் முதுகை ஒட்டிப் படுத்து, குதிகால் சுவரை உரசிக்கொண்டே மேலே போகட்டும், தப்பு வராது. இது சுலபமானதும் முட்டிக்கு மேலே ரப்பர் பேண்டு மாட்டிப் பக்கவாட்டில் 10 அடி, திரும்பி 10 அடி நடங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால் சாயங்கால நடையில் வித்தியாசம் தெரியும்.

அதுவரை பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது கம்பு எடுத்துப் போங்கள். பிள்ளைகள் பார்ப்பார்களே என்ற கூச்சம் வேண்டாம். நொண்டி நடந்து பழகிவிட்டால் அந்தப் பழக்கத்தை மாற்றுவது ஆபரேஷனைவிடப் பெரிய வேலை. கம்பு ஆபரேஷன் ஆன பக்கத்தில் அல்ல, மறுபக்கக் கையில் இருக்க வேண்டும். எத்தனையோ பேர் இதை மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

மைதானத்தில் சாயங்காலம் வரைக்கும் எத்தனை முறை குனிகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பந்து எடுக்க, கூம்பு வைக்க, கோடு போட, பிள்ளை ஷூ லேஸ் கட்ட. பந்தை எடுக்க ஒரு முறை இருக்கிறது. நல்ல கால் பந்துக்குப் பக்கத்தில், அதன் முட்டி லேசாக மடங்கி இருக்கட்டும். ஒரு கையால் கம்பத்தையோ பெஞ்சையோ பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன காலை நேராகப் பின்னால் நீட்டியபடி உடம்பைச் சாய்த்து, மறு கையால் எடுங்கள். முதுகும் பின்னால் போகிற காலும் ஒரே கோட்டில் இருப்பதால் இடுப்பு மடங்குவதில்லை. பிடிக்க எதுவும் இல்லாத நடு மைதானத்தில் நீங்கள் எடுக்கவே வேண்டாம், பிள்ளைகளை எடுக்கச் சொல்லுங்கள். பந்துச் சாக்கை மேசை மேல் வையுங்கள். சுண்ணாம்புக் கோட்டுக்குத் தள்ளுவண்டி இருந்தால் நிமிர்ந்தபடியே போடலாம். அது இல்லாத பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருவர் கயிறு பிடித்து, ஒருவர் தூவட்டும். நீங்கள் அளவு சொன்னால் போதும். இரும்புக் குண்டைக் குனிந்து தூக்கிக் கொடுக்கிற பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

செய்துகாட்டாமல் எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்கலாம். நீளம் தாண்டுதலில் முழுத் தாண்டலை நீங்கள் தாண்டிக் காட்டத் தேவையே இல்லை. கடைசி மூன்று அடியை நடையாக நடந்து காட்டலாம். பலகையில் பாதம் எங்கே படிய வேண்டும் என்று கம்பால் தொட்டுக் காட்டலாம். நன்றாகத் தாண்டுகிற பிள்ளையைத் தாண்டவிட்டு, செல்போனில் எடுத்து மெதுவாக ஓட்டி, எந்த இடத்தில் முட்டி தூக்கவில்லை என்று நிறுத்திக் காட்டுங்கள். தப்பைக் கண்டுபிடிக்கிற கண்தான் பயிற்சியாளருக்கு முதல் தேவை. அது உங்களிடம் முன்பைவிடக் கூடவே இருக்கும்.

கேள்வி: ஆலங்குளம் பக்கம் தொடக்கப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளோடு தரையில் வட்டமாக உட்கார்ந்துதான் பாடம். ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். சம்மணம் போடலாமா? பள்ளியில் இந்தியக் கழிப்பறைதான் இருக்கிறது.

பதில்: இடுப்பை எந்தப் பக்கம் திறந்தார்கள், மூட்டில் எந்த அளவு பந்து வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பந்தின் குறுக்களவு இருக்கும்: 28, 32, 36 மில்லிமீட்டர் என்று. பெரிய பந்து நழுவும் வாய்ப்பு குறைவு. அந்தத் தாளை லேமினேட் செய்து பத்திரப்படுத்துங்கள். பின்னால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பின்பக்கம் திறந்தவர்களுக்கு ஆபத்தான நிலை, இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கி, முட்டி உள்பக்கம் திரும்பி, நடுக்கோட்டைத் தாண்டுவது. மூன்றும் ஒன்றுசேரும்போது பந்து நழுவும் வாய்ப்பு மிக அதிகம். சம்மணத்தில் முட்டி வெளிப்பக்கம் போவதால், உட்கார்ந்திருக்கும் நிலை அவ்வளவு மோசமில்லை. உட்காரும்போதும் எழும்போதும் தடுமாறி முட்டி உள்ளே மடங்கினால்தான் வினை. காலை ஒரு பக்கமாக மடக்கி உட்காருவது சம்மணத்தைவிடக் கெடுதல். குத்துக்கால் போட்டு உட்காரவே வேண்டாம்.

மருத்துவர் அனுமதித்தாலும் ஒரு நாளைக்கு ஓரிரு முறைக்கு மேல் தரைக்கு இறங்காதீர்கள். இறங்கும்போது நகராத நாற்காலியைப் பிடித்து, நல்ல காலை முன்னால் ஊன்றி, ஆபரேஷன் ஆன பக்கத்து முட்டியை முதலில் தரையில் வையுங்கள். எழும்போதும் நல்ல காலே முன்னால் ஊன்றித் தூக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, பிள்ளைகள் தரையில் இருக்க, நீங்கள் ஸ்டூலில் இருப்பது. ஸ்டூல் உயரம் உங்கள் முட்டியின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளந்து, அதைவிட 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். உயரம் குறைந்த பிளாஸ்டிக் சேர்தான் இருக்கிறது என்றால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். உயரமும் கூடும், கால் விரியாமலும் நிற்கும். அட்டைகளைத் தரையில் பரப்பாமல் ஒரு பெஞ்சில் பரப்புங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் வயது. மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் நிற்காமல் சுவரில் சாய்ந்து நில்லுங்கள்.

கழிப்பறைக்கு, நடுவில் ஓட்டை உள்ள கமோடு ஸ்டூல் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். அப்படியே இந்தியக் கழிப்பறைக்கு மேலே வைத்துக்கொள்ளலாம். காலடியில் ரப்பர் புஷ் இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற ஆசிரியைகள் பலர். நீர்க்கடுப்பு வந்து அந்தக் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்தால் பெரிய துன்பம். அதனால் இது வசதிக்கான ஏற்பாடு மட்டும் அல்ல, தேவை.

கேள்வி: பாளையங்கோட்டையில் பரதநாட்டியம் சொல்லித்தருகிறேன். அரைமண்டி போடலாமா?

பதில்: பின்பக்கம் திறந்தவர் என்றால், மூன்று மாதத்துக்குப் பிறகு மருத்துவர் சம்மதத்தோடு, ஆழம் குறைத்து அரைமண்டி நின்று காட்டலாம். முன்பக்கம் திறந்தவருக்கு, காலை வெளிப்பக்கம் திருப்பிப் பின்னால் நீட்டுவதுதான் ஆபத்து. அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முழுமண்டி யாருக்கும் வேண்டாம். ஓங்கித் தட்டுவதையும் விட்டுவிடுங்கள். தரையில் உட்கார்ந்து தட்டுக்கழி தட்டுகிறவர்கள், பலகையை முட்டி உயர மேசையில் ஏற்றி, நாற்காலியில் உட்கார்ந்து தட்டலாம்.

கேள்வி: பள்ளிக்கு 18 கிலோமீட்டர். பைக்கில் போகலாமா, பஸ்ஸா?

பதில்: முதல் ஆறு வாரம் இரண்டுமே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற காலம் அது, நீண்ட நேரம் காலைத் தொங்கவிட்டு உட்காரக் கூடாது. பஸ்ஸில் ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் ஆன கால் முதலில். மாடிப் படிக்கும் இதுவே விதி. சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் உட்காராதீர்கள். அங்கே தரை மேடாக இருப்பதால் முட்டி இடுப்புக்கு மேலே வந்துவிடும். கடைசி சீட்டும் வேண்டாம், வேகத்தடையில் தூக்கிப் போடும்.

பைக் மூன்று மாதம் கழித்துத்தான். காலைத் தூக்கிப்போட்டு ஏறத் தேவையில்லாத, செல்ஃப் ஸ்டார்ட் ஸ்கூட்டர் நல்லது. கிக்கரை மிதிக்காதீர்கள். ஆபரேஷன் ஆனது இடது பக்கம் என்றால், சிக்னலில் வண்டியின் பாரம் முழுக்க அந்தக் காலில் இறங்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இனிமேல் ஓடவே முடியாதா? மூட்டு எத்தனை வருஷம் வரும்? – உடற்கல்வி ஆசிரியர், வயது 41, சங்கரன்கோவில்

பதில்: நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. மெதுவாக ஓடினாலே நான்கைந்து மடங்கு. தடுக்கித் தடுமாறும்போது ஏழெட்டு மடங்கு வரை போகும். 70 கிலோ எடையுள்ளவர் தடுமாறினால் சுமார் அரை டன். அவசரத்துக்கு நாலு அடி ஓடியதால் மூட்டு உடையாது. தினமும் பிள்ளைகளோடு சுற்று ஓடுவது வேறு விஷயம்.

நாட்டளவிலான மூட்டு மாற்றுப் பதிவேடுகளைப் பார்த்து 2019-இல் வந்த ஆய்வில், மாற்றிய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டு தாங்கியிருந்தன. அவை பழைய காலத்து மூட்டுகள். இப்போது வைக்கிற பிளாஸ்டிக் கிண்ணம் அதைவிடத் தேய்மானம் குறைந்தது. ஆனாலும் 41 வயதில் வைத்துக்கொண்ட உங்களுக்கு வாழ்நாளில் ஒரு மறு ஆபரேஷன் வர வாய்ப்பு உண்டு. அதை எவ்வளவு தள்ளிப்போடுவது என்பதில் உங்கள் பங்கு பெரிது. நீச்சல், சைக்கிள், வேக நடை, இரட்டையர் பூப்பந்து நல்லவை. கபடி, கால்பந்து, வாலிபாலில் குதித்து அடிப்பது வேண்டாம். சீசன் நேரத்துக் குற்றாலப் பாறையும், தாமிரபரணிப் படித்துறையின் பாசிப் படியும் இந்தக் கணக்கில்தான் வரும். வழுக்காமல் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள்.

எலும்பின் ரத்த ஓட்டம் நின்றதால் மாற்றியவர் என்றால், மறுபக்க இடுப்பையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள். இந்த நோய் பல பேருக்கு இரண்டு பக்கமும் வரும், மறுபக்கம் தொடக்கத்தில் வலியே இருக்காது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், மது அருந்துபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கேள்வி: மைதானத்தில் இருக்கும்போது மூட்டு நழுவினால் எப்படித் தெரியும்? உடனே என்ன செய்ய வேண்டும்?

பதில்: சடக்கென்று ஒரு உணர்வு, தாங்க முடியாத வலி, காலை ஊன்ற முடியாது. கால் குட்டையாகி, பாதம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். பின்பக்கம் நழுவினால் உள்பக்கமாகத் திரும்பும். அங்கேயே படுக்க வைத்து, கால் இருக்கிற நிலையிலேயே இரண்டு பக்கமும் பையோ தலையணையோ அண்டைக் கொடுத்து 108-ஐ அழையுங்கள். சுளுக்கு எடுப்பவரையோ, "நான் இழுத்துவிடுறேன்" என்று வருகிற சக ஆசிரியரையோ தொடவிடாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துத் தசை தளர்ந்த பிறகுதான் அதை உள்ளே தள்ள முடியும். வலுவில் இழுத்தால் தொடை எலும்பு முறியும், நரம்பும் அடிபடும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் காத்திருக்கவே கூடாது. தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சலோடு இடுப்பு வலித்தாலோ பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பிறகு கிருமி எதுவென்று சோதனையில் தெரியாமல் போகும். ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே காட்டுங்கள்.

நம் பக்கத்து மைதானங்களில் நெருஞ்சியும் உடைமுள்ளும் இல்லாத இடம் குறைவு. வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் இறங்க வேண்டாம். லேஸ் இல்லாமல் ஒட்டும் பட்டை வைத்த ஷூவும், குனியாமல் மாட்ட நீளக் கைப்பிடி உள்ள ஷூ கரண்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். முள் குத்தினால் அன்றே எடுத்துக் கழுவி மருந்து போடுங்கள், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கவனம். பல் பிடுங்கப் போகும்போது இடுப்பில் செயற்கை மூட்டு இருப்பதை முதலில் சொல்லுங்கள். இடுப்பில் ஊசி போட வேண்டி வந்தால் மறுபக்கம் போடச் சொல்லுங்கள்.